புல்லட் மாறியபோது: விரும்பிகளின் எதிர்ப்பு எதைக் காக்க முயன்றது?

1. கேள்வி

ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் ஆலைகள் திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய மூன்று ஊர்களில் எழுந்தன. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-ல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிவதற்கு முன், இம்மூன்று ஊர்களும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. அந்நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளான புல்லட் பிறந்தது இங்கிலாந்தில். ஆனால் அதன் வாழ்நாளின் பெரும்பகுதி செங்கல்பட்டுச் சீமையில்தான் கழிந்திருக்கிறது.

கடந்த கால் நூற்றாண்டில் இந்த வண்டி மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் அதன் விரும்பிகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. கியர் வலக்காலிலிருந்து இடக்காலுக்குப் போனபோதும், வார்ப்பிரும்பு எஞ்சின் நின்று அலுமினிய எஞ்சின் வந்தபோதும், கார்பரேட்டர் போய் மின்னணு எரிபொருள் செலுத்தி வந்தபோதும், கடைசியாகக் கிக்கர் காணாமல் போனபோதும் “இது புல்லட்டே இல்லை” என்ற குரல் கேட்டது. இந்த எதிர்ப்பு எதைக் காக்க முயன்றது, அதில் எந்தப் பகுதி நியாயமானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்பாக்கம் அணுசக்தி வளாகத்தின் ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரம் இந்தக் கேள்வியை எழுப்ப உகந்த இடம். அதன் கிழக்கே, மாமல்லபுரத்தைத் தொட்டுச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னையின் மோட்டார் சைக்கிள் விரும்பிகள் விடுமுறைக் காலைகளில் ஓட்டிவரும் சாலை அது. மேற்கே திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகப் போனால் புல்லட் உருவாகும் ஒரகடம். நடுவே பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் வாழும் ஊர். இயந்திர அறிவு குறைந்தவர்கள்தாம் மாற்றத்துக்கு அஞ்சுவார்கள் என்ற பொது எண்ணம் இத்தகைய ஊரில் செல்லாது. வேறு விளக்கம் தேட வேண்டியிருக்கிறது.

2. மாற்றங்களின் வரலாறு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த என்ஃபீல்டு நிறுவனம் 1901-ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் வந்தது. பின்சக்கரத்துக்கு ஊசல் கையும் அதிர்வுதாங்கியும் கொண்ட போருக்குப் பிந்தைய வடிவம் 1940-களின் இறுதியில் உருவானது. அடுத்த சில ஆண்டுகளில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் திருவொற்றியூரில் பூட்டப்பட்டன. 1960-களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. தாய்வீட்டில் நின்றுபோன வண்டி இங்கே தொடர்ந்தது. 1977-லிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் புல்லட்டின் அடிப்படை மாறவில்லை. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட 346 சி.சி. எஞ்சின், தனியாகப் பூட்டிய நான்கு கியர் பெட்டி, வலப்பக்க கியர், இடப்பக்க பிரேக் என அது நின்றது. 1980-களின் நடுவில் சுசுகி, ஹோண்டா, யமஹா, கவாசாகி ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் இந்தியக் கூட்டாளிகளோடு சேர்ந்து 100 சி.சி. வண்டிகளைக் கொண்டுவந்தன. சந்தை அவற்றின் பக்கம் சாய்ந்தது. ஐஷர் நிறுவனம் 1990-ல் என்ஃபீல்டு இந்தியாவின் பங்குகளை வாங்கத் தொடங்கி, 1994-ல் முழுமையாகக் கையகப்படுத்தியது. 2000-ஆம் ஆண்டில் சித்தார்த்த லால் தலைமைப் பொறுப்பேற்றபோது, நிறுவனத்தை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது.

பெரிய மாற்றங்கள் யாவும் இதன் பிறகு வந்தவை. ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையோடு செய்த அலுமினிய எஞ்சின், மின்னணுப் பற்றவைப்புடன் எலெக்ட்ரா, 2002-ல் தண்டர்பேர்டு, அதையொட்டி இடப்பக்கத்தில் ஐந்து கியர் என அவை அடுத்தடுத்து வந்தன. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த யு.சி.இ. எஞ்சின் 2008-ல் தண்டர்பேர்டிலும், 2009-ல் கிளாசிக் வரிசையிலும் இந்தியச் சாலைக்கு வந்தது. அதையொட்டி வார்ப்பிரும்பு எஞ்சினின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது கார்பரேட்டர் விடைபெற்றது. அதே ஆண்டு நவம்பரில் மீட்டியர், 2021-ல் புதிய கிளாசிக், 2023-ல் புதிய புல்லட் ஆகியவை 349 சி.சி. ஜே வரிசை எஞ்சினோடு வந்தன. இதில் விட்டம் 72, வீச்சு 85.8 மில்லிமீட்டர், அதிர்வைத் தணிக்கும் சமநிலைத் தண்டு உண்டு, கிக்கர் இல்லை.

3. இதுவரை தரப்பட்ட விளக்கங்கள்

எதிர்ப்புக்குப் பொதுவாக மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, பழமை ஏக்கம். அப்பாவின் வண்டி, ஊரில் காவல்துறை அதிகாரி ஓட்டிய வண்டி, இளமையில் ஆசைப்பட்டும் கிடைக்காத வண்டி என நினைவுகள் இயந்திரத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. வண்டி மாறினால் நினைவும் கலைவதுபோலத் தோன்றுகிறது. இரண்டாவது, அடையாளம். கனத்த வண்டி, உதைத்துக் கிளப்பும் வலிமை, தெருமுனையிலேயே ஆளை அறிவிக்கும் ஒலி ஆகியவை ஆண்மையின் சின்னங்களாகிவிட்டன; அவற்றைக் குறைக்கும் எதுவும் அடையாளத்தின் மீதான தாக்குதலாக உணரப்படுகிறது. மூன்றாவது, ஒரு மரபே அண்மைக் காலத்தில் கட்டப்பட்டது என்ற விளக்கம். எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983-ல் தொகுத்த நூலின் வழியே பரவிய இக்கருத்தைப் பொருத்தினால், ‘அசல் புல்லட்’ என்று போற்றப்படுவதும் ஒரு கட்டத்தில் மாறி வந்த வடிவமே.

மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றாவது விளக்கம் குறிப்பாகக் கூர்மையானது. 1940-களில் பின்சக்கர அதிர்வுதாங்கி வந்த புல்லட்டே அதற்கு முந்தைய புல்லட்டை மறுத்து எழுந்ததுதான். ஆனால் இந்த விளக்கங்கள் எல்லா மாற்றங்களையும் ஒரே தட்டில் வைக்கின்றன. ஏக்கமோ அடையாளமோ மட்டும் காரணம் என்றால் எல்லா மாற்றங்களும் ஏறத்தாழ ஒரே அளவு எதிர்க்கப்பட்டிருக்க வேண்டும். நடந்தது அப்படியல்ல.

4. எதிர்க்கப்பட்டவையும் ஏற்கப்பட்டவையும்

ஆறு வோல்ட் மின்சுற்று பன்னிரண்டு வோல்ட்டாக மாறியதை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. முன்சக்கரத்தில் டிரம் பிரேக் போய் டிஸ்க் பிரேக் வந்தபோது வரவேற்பே கிடைத்தது. பழைய வண்டிகளிலும் டிஸ்க் பொருத்திக்கொண்டார்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானபோதும் பெரும் முணுமுணுப்பு எழவில்லை. ஒளி கூடுவதையும் நிறுத்தும் திறன் கூடுவதையும் விரும்பிகள் ஏற்றார்கள். ஆகவே அவர்கள் புதுமைக்கே எதிரிகள் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

எதிர்க்கப்பட்டவற்றை வரிசைப்படுத்தினால் வேறொரு ஒழுங்கு தெரிகிறது. கியர் பக்கம் மாறியது உடலின் பழக்கத்தைத் தொட்டது. யு.சி.இ. எஞ்சினும் எரிபொருள் செலுத்தியும் கிக்கரின் மறைவும் தொட்டது, வண்டியோடு உரிமையாளர் செய்துவந்த வேலையை.

அந்த வேலை என்ன என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய புல்லட்டைக் கிளப்புவதற்கு முறை உண்டு. சாவியைத் திருப்பி, ஆம்ப் மீட்டரின் ஊசி நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, எஞ்சினின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரைப் பிடித்து பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்தி, விட்டுவிட்டு முழு வீச்சில் ஓர் உதை. இதைக் கற்றவர் எஞ்சினுக்குள் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை வெளியிலிருந்தே அறிகிறார். வால்வுகளை இயக்கும் டேப்பட்டைச் சரிசெய்வது இன்னும் எளிது; எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பக்கவாட்டு மூடியைக் கழற்றி புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அளவுகோல் தேவையில்லை, விரல் போதும். பற்றவைப்புக்கான பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைப்பது, கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதுவது, செயினை இறுக்குவது ஆகியவை வீட்டு வாசலில் முடியும் வேலைகள். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலான கரையோரத்தில் உப்புக்காற்று இரும்பை விரைந்து அரிக்கும். இங்கே வார்ப்பிரும்பு புல்லட் வைத்திருப்பவர் துடைப்பதையும் எண்ணெயிடுவதையும் விட முடியாது. ஓட்டுவதற்குச் சமமாகப் பராமரிப்பும் உடைமையின் பகுதியாக இருந்தது.

யு.சி.இ. எஞ்சினின் டேப்பட்டுகள் எண்ணெய் அழுத்தத்தால் தாமே இடைவெளியைச் சரிசெய்துகொள்பவை. உரிமையாளரின் விரலுக்கு அங்கே வேலையில்லை. மின்னணுப் பற்றவைப்பு பாயிண்டை நீக்கியது. எரிபொருள் செலுத்தி வந்ததும் கலவையைத் தீர்மானிக்கும் வேலை உணரிகளுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் போனது. பழுதைக் கண்டறிய, வண்டியோடு பேசும் கருவி தேவைப்படுகிறது. சென்னையின் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் பாகம் வாங்கி, தெருமுனை மெக்கானிக்கோடு உட்கார்ந்து சரிசெய்த வழக்கம் ஒவ்வொரு படியிலும் சுருங்கியது.

மாத்யூ கிராஃபர்டு 2009-ல் வெளியிட்ட நூலில், மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் தம் அனுபவத்தைக் கொண்டு, கைவேலையும் சிந்தனையே என்று வாதிட்டார். பழுதுபார்ப்பவர் காரணம் தேடுகிறார், ஊகிக்கிறார், சோதிக்கிறார், தவறினால் திருத்திக்கொள்கிறார். புல்லட் விரும்பிகள் இழந்தது இந்தச் சிந்தனைக்கான வாய்ப்பையே. அவர்களுடைய எதிர்ப்பின் கருவில் இருந்தது இதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். ஒலி போயிற்று, எடை போயிற்று என்று அவர்கள் குறைப்பட்டவை உண்மையே ஆயினும், அவற்றினும் ஆழமான இழப்பு அந்தக் குறைகளுக்குப் பின்னே நின்றது.

5. நிறுவனத்தின் பதில்

நிறுவனம் எதிர்ப்பைக் கேட்காமல் இல்லை, தேர்ந்து கேட்டது. யு.சி.இ. 350 எஞ்சினுக்கு பழைய 70, 90 மில்லிமீட்டர் அளவுகளையே வைத்தார்கள். நீண்ட வீச்சும் கனத்த சுழல்சக்கரமும் குறைந்த வேகச் சுழற்சியும்தான் புல்லட்டின் விட்டுவிட்டு ஒலிக்கும் தாளத்துக்குக் காரணம். அதன் எச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்ற கவலை அந்த அளவுகளில் தெரிகிறது. கண்ணீர்த்துளி வடிவ டேங்க், முகப்பு விளக்கின் இரு புறமும் இருக்கும் சிறு விளக்குகள், டேங்கில் கையால் இழுக்கப்படும் பொன்னிறக் கோடு ஆகியவை ஜே வரிசை புல்லட்டிலும் தொடர்கின்றன.

வெளித்தோற்றம் காக்கப்பட்டது, உள்ளே நிகழும் வேலை உரிமையாளரின் கையிலிருந்து விலகியது. புதிய வாடிக்கையாளர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. 2010-ல் ஆண்டு விற்பனை 50,000 வண்டிகளைச் சற்றே தாண்டியிருந்தது. 2014-ல் ஏறத்தாழ 3 லட்சம். 2024–25 நிதியாண்டில் 10 லட்சத்தைக் கடந்தது. 2013-ல் ஒரகடமும் அதையடுத்து வல்லம் வடகாலும் உற்பத்தியைத் தொடங்கியது இந்தப் பெருக்கத்துக்காகவே.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் எழுதிய நூல், அதிருப்தி கொண்ட வாடிக்கையாளர் செய்யக்கூடியவை இரண்டு என்றது: விலகுவது அல்லது குரல் எழுப்புவது. இவற்றில் எது நடக்கும் என்பதைப் பற்றுறுதி தீர்மானிக்கிறது. புல்லட் விரும்பிகளிடம் பற்றுறுதி மிகுந்திருந்ததால் குரல் ஓங்கியது. வேறு நிறுவனத்துக்குப் போனவர்கள் குறைவு. விலகிய விரும்பிகள் சென்ற இடம் பழைய வண்டிச் சந்தை. வார்ப்பிரும்பு புல்லட்டின் மறுவிற்பனை மதிப்பு கூடியதற்கு இதுவும் காரணம். ஆனால் பழைய வண்டியைத் தேடிப்போவது நிறுவனத்தின் கணக்கில் இழப்பாகத் தெரிவதில்லை. புதிதாக வந்த லட்சக்கணக்கானோரின் முன் பழைய விரும்பிகளின் எண்ணிக்கை சிறுத்தது. குரலின் எடையும் குறைந்தது.

பிற நாட்டு அனுபவம் வேறாகவும் இருந்திருக்கிறது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 1983-ல் நீரால் குளிரும் கே வரிசையைக் கொண்டுவந்தபோது, எதிரெதிர் சிலிண்டர் கொண்ட பழைய பாக்ஸர் எஞ்சினைக் கைவிடும் எண்ணத்தில் இருந்தது. விரும்பிகள் விடவில்லை, வாங்கிக்கொண்டே இருந்தார்கள். நிறுவனம் பாக்ஸரைத் தொடர்ந்து, 1993-ல் அதை முற்றிலும் புதிதாக வடிவமைத்தது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் 2001-ல் அறிமுகப்படுத்திய, நீரால் குளிரும் வி-ராட் வண்டியை மரபான வாடிக்கையாளர்கள் தம்முடையதாக ஏற்கவில்லை. 2017-ல் அதன் உற்பத்தி நின்றது. இவ்விரு இடங்களிலும் எதிர்ப்பு வென்றதற்குக் காரணம் புதிய வண்டிகளை வாங்குவோரில் பெரும்பகுதி பழைய விரும்பிகளாகவே இருந்தது எனலாம். இந்தியாவில் அந்த விகிதம் தலைகீழானது.

6. எதிர்ப்பின் மறுபக்கம்

விரும்பிகளின் தரப்பை அப்படியே ஏற்பதும் நேர்மையாகாது. முதலாவது, மாற்றங்களில் பல நிறுவனத்தின் விருப்பத்தால் வந்தவையல்ல. இரு சக்கர வண்டிகளுக்கான பி.எஸ். 3 விதி 2010-ல் நடைமுறைக்கு வந்தது. வார்ப்பிரும்பு எஞ்சினின் முடிவும் அதையொட்டியே நேர்ந்தது. சீராகச் சூடு தணியாத, கலவையை நுட்பமாகக் கட்டுப்படுத்த முடியாத எஞ்சினால் அந்த அளவுக்குத் தூய புகை விட இயலாது. புகையைச் சுவாசிப்பவர் சாலையில் நடப்பவரும்தான். அவருக்கும் இதில் உரிமை உண்டு.

இரண்டாவது, பாதுகாப்பு. பிற வண்டிகளிலெல்லாம் வலக்காலில் பிரேக் இருக்க, ஒரு வண்டியில் மட்டும் இடக்காலில் இருப்பது ஆபத்து. நெருக்கடியில் கால் சிந்திக்காது, பழகியதை மிதிக்கும். வீட்டில் இரண்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றம் உயிர்காக்கும் சீர்திருத்தம்.

மூன்றாவது, யாருடைய மரபு என்ற கேள்வி. உதைத்துக் கிளப்பும் புல்லட் பெண்களையும், உயரம் குறைந்தவர்களையும், முழங்கால் வலி உள்ளவர்களையும், முதியவர்களையும் வெளியே நிறுத்தியது. தவறாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வண்டி பெண் ஓட்டுநர்களுக்கு வழி திறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்று பெண்கள் புல்லட் ஓட்டிச் செல்வது அந்தப் பொத்தானுக்கும் கடன்பட்டது. இதை மறுத்துப் பழைய வழியே சிறந்தது என்பவர் தம் வசதியை மட்டும் மரபென்று கொள்கிறார்.

நான்காவது, எதிர்ப்பின் ஒரு கிளை பிறருக்குத் தொல்லையாக வளர்ந்தது. இழந்த ஒலியை மீட்பதாகச் சொல்லி சைலன்சரை மாற்றி ஊரை அதிரவைப்பது சட்டப்படியும் தவறு, மனிதப் பண்பின்படியும் தவறு. பல நகரங்களில் காவல்துறை அத்தகைய சைலன்சர்களைப் பறிமுதல் செய்து நசுக்கியிருக்கிறது. பழைய புல்லட்டின் ஒலி தாழ்ந்த சுருதியில் நிதானமாக வந்தது. இன்று காதைப் பிளக்கும் சைலன்சர்களுக்கும் அந்த மரபுக்கும் உறவில்லை.

7. முடிவு

சான்றுகளை எடைபோட்டால் மூன்று தீர்ப்புகளுக்கு வரலாம். கியர் பக்கம், தூய புகை, மின்விசைக் கிளப்பி ஆகியவற்றில் எதிர்ப்பு தவறான இடத்தில் நின்றது; அந்த மாற்றங்கள் தேவையானவை. தோற்றத்தைக் காக்கும் கோரிக்கையில் எதிர்ப்பு ஏற்கெனவே வென்றுவிட்டது. அந்த வெற்றி நிறுவனத்துக்கே பெரும் ஆதாயம் தந்தது. மூன்றாவதாக, தன் வண்டியைத் தானே அறிந்து சரிசெய்யும் உரிமையை அது காக்க முயன்ற இடத்தில் எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. அங்கேதான் அது தோற்றிருக்கிறது. ஒலியையும் இரும்பையும் பற்றி உரத்துப் பேசியவர்கள், மிக முக்கியமான இந்தக் கோரிக்கையைத் தெளிவாக முன்வைக்கவில்லை.

தூய புகைக்கும் பழுதுபார்க்கும் உரிமைக்கும் பகையில்லை. மின்னணு எஞ்சினையும் மனிதர் புரிந்துகொள்ள முடியும். அதற்குரிய தகவலும் கருவியும் கிடைக்க வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்கக் குழு அமைத்தபோது, அதன் வரம்பில் வாகனங்களையும் சேர்த்தது. புல்லட் விரும்பிகளின் சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டிய இடம் அது. பழுதறியும் கருவிகளும் பணிமனைக் கையேடுகளும் திருக்கழுக்குன்றத்தின் தனி மெக்கானிக்குக்கும் நியாய விலையில் கிடைக்க வேண்டும்; உற்பத்தி நின்ற எஞ்சின்களுக்கு உதிரிப்பாகங்கள் நீண்ட காலம் கிடைக்க வேண்டும்; உரிமையாளர் தம் கையால் செய்த பராமரிப்பு உத்தரவாதத்தை ரத்து செய்யக் கூடாது. இம்மூன்றையும் கேளுங்கள். பழைய இரும்பைத் திருப்பித் தரும்படி கேட்பதைவிட இதற்கு நியாயமும் அதிகம், பயனும் அதிகம்.